மாரிஸ் புழு, 1988

இந்தப் பிளாப்பி வட்டில் இருப்பது மாரிஸ் புழுவின் மூல நிரல். 1988 நவம்பர் 2 மாலை, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ராபர்ட் டப்பன் மாரிஸ், எம்.ஐ.டி. கணினி ஒன்றிலிருந்து இதை இணையத்தில் அவிழ்த்துவிட்டார்.

யாரும் எதையும் திறக்கத் தேவையிருக்கவில்லை. யூனிக்ஸ் ஓடிய வாக்ஸ், சன் கணினிகளுக்குள் புழு தானே வழி தேடிக்கொண்டது. சென்ட்மெயில் அஞ்சல் நிரலில் சோதனைக்கென விட்டிருந்த வசதி ஒரு வழி. பயனர் விவரம் தரும் ஃபிங்கர் சேவை இன்னொரு வழி: அது 512 பைட்டுக்கு மட்டும் இடம் ஒதுக்கி, வருவதன் நீளத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டது. புழு 536 பைட் அனுப்பி உள்ளே நுழைந்தது. கடவுச்சொற்களை ஊகிக்க 432 சொற்களின் பட்டியலும் அதனிடம் இருந்தது. யூனிக்ஸ் கடவுச்சொல் பாதுகாப்பை வடிவமைத்தவர்களில் ஒருவர் மாரிஸின் தந்தை.

கோப்பு எதுவும் அழியவில்லை. ஆனால் ஏற்கெனவே தொற்றிய கணினியிலும் ஏழில் ஒரு முறை மீண்டும் குடியேறும்படி நிரல் எழுதப்பட்டிருந்தது. பிரதிகள் பெருகி, கணினிகள் திணறி நின்றன. பாதிக்கப்பட்டவை சுமார் 6,000 என்பது எண்ணிய கணக்கல்ல, அன்றைய ஊகம்.

பெர்க்லி, எம்.ஐ.டி., பர்டியூ வல்லுநர்கள் இரவு பகலாகப் புழுவைப் பிரித்துப் படித்தார்கள். அந்த உழைப்பு மறக்கக் கூடாதது. பல நிறுவனங்கள் அச்சத்தில் இணைப்பைத் துண்டித்துவிட்டதால், வல்லுநர்கள் கண்ட தீர்வு அவற்றுக்குப் போய்ச் சேரவே தாமதமானது. அந்த மாதமே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'செர்ட்' அவசர உதவிக் குழு உருவானது.

1990இல் மாரிஸுக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூகப் பணி, 10,050 டாலர் அபராதம் விதிக்கப்பட்டன.