அளந்தறிந்து தொண்டாற்றுக

1923-இல் தொடங்கிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று நம் ஜனக்புரியில் விளங்குகிறது. இயற்கை வளங்காக்க மாணாக்கர் குழுவாக முனையுங்கால், பெற்றோராகிய நாம் செய்யத்தக்கது யாது?

தில்லியிலுள்ள அறிவியல், சுற்றுச்சூழல் மையத்தின் பசுமைப் பள்ளித் திட்டம் காற்று, எரிசக்தி, உணவு, நிலம், நீர், கழிவு ஆகிய ஆறினையும் மாணாக்கரே தணிக்கை செய்ய வழிவகுத்தது.

நீரையே எடுத்துக்கொள்வோம். சொட்டும் குழாயின்கீழ் ஒருவர் ஒரு மணி நேரம் பாத்திரம் வைக்கட்டும். மற்றொருவர் சேர்ந்த நீரை அளந்து 24-ஆல் பெருக்கட்டும். ஒரு நாளைய இழப்பு விளங்கும். பழுது நீங்கியபின் மீண்டும் அளக்கட்டும்.

தந்தையார் வெட்டி ஒட்டித் தரும் அட்டைக்கு மதிப்பெண் கிட்டலாம். பிள்ளைக்கு அறிவு கிட்டாது. யமுனையையும் கங்கையையும் நம்பி வாழும் தலைநகரில், பிள்ளைகள் கண்ட கணக்கை நம் இல்லங்களில் ஏற்று நடப்போமாக.