பிள்ளை முதலில் சொல்லட்டும்

'எங்கள் வீடு' என்ற தலைப்பில் நம் பிள்ளைகள் எழுதும் கட்டுரையை நாம் பலமுறை வாசித்திருக்கின்றோம். வீட்டைச் சுற்றிப் பூந்தோட்டம், முற்றத்தில் மாமரம், உள்ளே நான்கு அறைகள். எழுதிய பிள்ளையோ இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டமொன்றில், ஒரே லயன் காம்பராவில் ஆறு பேரோடு படுத்து எழும்பும் பிள்ளை. கரும்பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதியிருக்கின்றது. பிழை இல்லை, சரி அடையாளமும் கிடைத்துவிட்டது. ஆனால் தன்னுடையதென்று அது ஒரு வரியும் எழுதவில்லை.

ஆசிரியரை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது, கட்டுரையை மனனம் செய்விப்பதுதான் பயமில்லாத வழியாக எல்லோருக்கும் படுகின்றது. தலைப்புச் சற்று மாறி வந்தால் பிள்ளை திகைத்து நிற்கும் என்பதை மறந்துவிடுகின்றோம்.

அடைமழை நாளொன்றில், மாலை வகுப்பில், மழையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றோம். "மழை நமக்கு நன்மை தரும்" என்று எல்லோரும் ஒரே குரலில் ஒப்புவித்தார்கள். பேசாமல் காத்திருந்தோம். பிறகு மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "மழ பேஞ்சா பால் வெட்டு இல்ல. அப்பாவுக்கு பேரு விழாது. அம்மா என்னையதான் கடைக்குக் கடன் கேக்க அனுப்பும்."

அவள் சொன்னபடியே பலகையில் எழுதி, அவளையே வாசிக்கச் சொன்னோம். "எங்க வீட்டிலயும் அப்பிடித்தான்" என்று நாலைந்து குரல்கள் எழுந்தன. அன்று வகுப்பு முடிய இருட்டிவிட்டது.

'பேஞ்சா' என்பதை எழுதும்போது 'பெய்தால்' என்று எழுதலாமென மறுநாள்தான் சொல்லிக்கொடுத்தோம். 'பேர்' என்ற சொல்லை மாற்றவில்லை. ஒரு நாள் உழைப்புச் சம்பளக் கணக்கில் ஏறுவதை அதைவிடச் சரியாகச் சொல்லும் சொல் நம்மிடம் இல்லை. சொல்வது முதலில், திருத்துவது பிறகு. முதல் வரியிலேயே சிவப்பு மை விழுந்தால் இரண்டாவது வரி வராது.

இது நாம் கண்டுபிடித்த முறை அல்ல. இத்தாலியில் பார்பியானா என்ற மலைக் குக்கிராமத்தில் லொரென்சோ மிலானி என்ற குருவானவர், பாடசாலை கைவிட்ட குடியானவப் பிள்ளைகளுக்கு 1950களில் வகுப்பு நடத்தத் தொடங்கினார். அப்பிள்ளைகளில் எட்டுப்பேர் சேர்ந்து எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' 1967இல் நூலாக வெளிவந்து பல நாடுகளில் வாசிக்கப்பட்டது. அவர்கள் செய்தது எளிய வேலை. சட்டைப்பையில் ஒரு சிறு கொப்பி. மனதில் பட்டதை உடனே குறித்துக்கொள்வது. பிறகு ஒரு தாளுக்கு ஒரு கருத்தாக எழுதி, எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒத்தவற்றை ஒன்றுசேர்த்து, உரக்க வாசித்து, வேண்டாத சொற்களை வெட்டுவது. நம் பிள்ளைகளுக்கு மேசை வேண்டாம், பாய் போதும்.

நமக்கும் இது புதிதல்ல. எழுத்தறியாத நம் பாட்டிமார் கொழுந்து மலையிலும் தாலாட்டிலும் கட்டிய பாடல்களைத்தானே சி. வி. வேலுப்பிள்ளை திரட்டி நூலாக்கினார்?

1977, 1981, 1983 வன்செயல்களில் சப்ரகமுவத் தோட்டங்களை விட்டு, வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் சென்று காடு வெட்டி நிலம் திருத்திய குடும்பங்களுக்கு இதில் இன்னொரு விடயமும் உண்டு. தோட்டம் எப்படியிருந்தது, எந்த வழியாக வந்தோம், முதலில் என்ன விதைத்தோம் என்பதெல்லாம் பெரியவர்களின் வாயில் மட்டுமே இருக்கின்றது. அதைக் கேட்டு எழுதப் பேரப்பிள்ளையைவிடப் பொருத்தமானவர் யார்? ஆனால் ஒரு கவனம் தேவை. பயந்த இரவைப் பற்றி எழுது என்று எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தக் கூடாது. அதுவாகச் சொன்னால் கேட்போம். ஆட்டுக்குட்டியைப் பற்றித்தான் எழுதுவேன் என்றால் ஆட்டுக்குட்டியே இருக்கட்டும்.

"எங்களுக்கு எழுத வாசிக்கத் தெரியாதே" என்று பெற்றோர் சிலர் கேட்கின்றார்கள். தெரியவேண்டியதில்லை. இரவில் பிள்ளையை அருகில் இருத்தி, இன்று என்ன பார்த்தாய், யார் என்ன சொன்னார் என்று கேளுங்கள். பிறகு எழுதியதை வாசிக்கச் சொல்லி, "அப்புறம் என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். கொப்பி வாங்க வசதியில்லாவிட்டால் பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் போதும். ஒரு வரிதான் வந்ததென்றால் அன்றைக்கு அந்த ஒரு வரி போதும்; திகதியைப் போட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.