பின் பிரேக் ஏன் கொஞ்சம் 'வீக்'கா இருக்கணும் தெரியுமா?

பஸ்ல டிரைவர் சட்டுனு பிரேக் அடிச்சா, நின்னுட்டிருக்கிற எல்லாரும் முன்பக்கம் சாய்வாங்கல்ல... காருக்கும் அதேதான். பிரேக் பிடித்ததும் பாரம் முன் சக்கரங்களுக்குப் போகும். பின் சக்கரங்கள் லேசாகிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. 1,000 கிலோ எடையுள்ள காரில் முன்னால் 600, பின்னால் 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அழுத்தி பிரேக் பிடித்தால், சுமார் 140 கிலோ பாரம் முன்னால் போகலாம். இப்போது 740-க்கு 260! பாரம் குறைந்தால் டயரின் பிடிப்பும் குறையும். அங்கேயும் முன்பக்கம் அளவுக்கே பிரேக் பிடித்தால், பின் சக்கரங்கள் லாக் ஆகிவிடும்.

ஆனா என்ன? முன் சக்கரம் லாக் ஆனால் ஸ்டீயரிங் வேலை செய்யாது. கார் நேராகச் சறுக்கும். பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் பின்பக்கம் வீசி, காரே சுற்றிவிடும். இரண்டுமே ஆபத்துதான், ஆனால், இரண்டாவதைச் சமாளிப்பது ரொம்பக் கஷ்டம்.

இதைத் தடுக்கும் வேலை பிரேக் லைனில் நடக்கிறது. பெடலை மிதித்தால், மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலை அழுத்தும். அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதி. அப்புறம் எப்படி முன்பக்கம் மட்டும் அதிக விசை? பிஸ்டன் சைஸ்தான் காரணம். பிஸ்டனின் பரப்பு இரண்டு மடங்கானால், விசையும் இரண்டு மடங்கு. அதனால்தான் முன்னால் பெரிய பிஸ்டன், பெரிய டிஸ்க்.

அது மட்டும் போதாது. பல பழைய கார்களில் 'புரப்போர்ஷனிங் வால்வு' இருக்கும். குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாண்டினால், பின்பக்கம் போகும் அழுத்தத்தை இது மெதுவாகவே ஏறவிடும்.

இப்போது அந்த வேலையைச் செய்வது இ.பி.டி. ஏ.பி.எஸ் சென்சார்களை வைத்தே இது இயங்குகிறது. பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட வேகம் குறைவதைக் கண்டால், உடனே பின்பக்க அழுத்தத்தை நிறுத்திப் பிடிக்கும். நீங்க தனியா போனாலும், அஞ்சு பேர் லக்கேஜோட போனாலும், அதுக்கேத்த மாதிரி மாத்திக்கும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் ஏ.பி.எஸ் கட்டாயம்.

சரி, நாம கவனிக்க வேண்டியது? டாஷ்போர்டில் ஏ.பி.எஸ் லைட் மட்டும் எரிந்தால், பெரும்பாலும் சாதாரண பிரேக் வேலை செய்யும். அதோடு சிவப்பு பிரேக் லைட்டும் சேர்ந்து எரிந்தால், இ.பி.டி-யும் போயிருக்கலாம். ஹேண்ட் பிரேக்கை இறக்கியும் அணையவில்லையா? ஓரமா நிறுத்திட்டு, பிரேக் ஆயில் அளவைப் பாருங்க; மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. 'பிரேக் பிடிக்குதே, அப்புறம் பாத்துக்கலாம்'னு மட்டும் கிளம்பிடாதீங்க. மெதுவாப் போறப்போ எல்லா பிரேக்கும் நல்லாத்தான் பிடிக்கும். மழை ரோட்டுல அழுத்தி மிதிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்!