சிற்றாட்டங்களும் அவற்றின் பாயிரமும்

நூலொன்றை இயற்றியவன் எத்துணைப் பெரும் புலவனாயினும் தன் நூலைத் தானே புகழ்ந்து பாயிரம் பாடிக்கொள்ளுதல் தகாது என்பது நன்னூலார் கொள்கை. அவனுடைய ஆசிரியனோ, உடன் கற்றவனோ, மாணாக்கனோ, தக்க உரைகாரனோதான் அதனைச் செய்தல் வேண்டும். தேர்வுக்காக இவ்விதியை நெட்டுருச் செய்யும் நம் வகுப்பினர் பலரும் இஃது ஓலைச்சுவடிக் காலத்தோடு ஒழிந்துபோன மரபென்றே எண்ணுவர். அற்றன்று. இவ்விதி இந்நாளிலே உயிரோடு உலாவுமிடம் ஒன்றுண்டு. அது கணினியிலும் கைப்பேசியிலும் ஆடப்பெறும் வீடியோ கேம் என்னும் ஆட்டவுலகு. அதனுள்ளும் 'இண்டி' எனப்படும் சிற்றாட்டங்களின் உலகு.

இண்டி ஆட்டம் என்பது யாது? பெருநிறுவனத்தின் பொருளும் ஆணையும் இன்றி, ஒருவரோ சிலரோ தம் கைப்பொருளையும் காலத்தையும் இட்டுத் தம் கருத்துக்கிசைய ஆக்கும் ஆட்டம். 2016ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஸ்டார்டியூ வேலி' என்னும் உழவர் வாழ்க்கை ஆட்டத்தை எரிக் பரோன் என்னும் இளைஞர் தனியொருவராய் நான்காண்டுகளுக்கு மேல் உழைத்து ஆக்கினார். அதன் ஓவியம், இசை, உரையாடல், கணினி நிரல் ஆகிய யாவும் அவர் கைவேலையே. அதனை இன்று உலகமெங்கும் ஆடுகின்றனர். ஆயினும் அவர்போல் உழைத்தார் அனைவருக்கும் அவர்போற் பேறு வாய்த்துவிடவில்லை.

காரணம் நெரிசல். இவ்வாட்டங்கள் விற்கப்படும் இணையக் கடைகளுட் பெரியது 'ஸ்டீம்'. அது 2003ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் கடையார் தாமே தேர்ந்தெடுத்த சிலவற்றையே விற்றனர். 2012இல், ஆடுவோர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் 'கிரீன்லைட்' என்னும் முறை வந்தது. 2017 ஜூன் மாதத்தில் அதுவும் நீங்கி, 100 டாலர் கட்டணம் செலுத்துவார் எவரும் தம் ஆட்டத்தைக் கடையில் வைக்கலாமென்று கதவு திறந்துவிடப்பட்டது. வறியவர்க்கும் வாயில் திறந்தது நன்றே. ஆனால் திறந்த வாயிலின் வழியே புகுந்த கூட்டமோ பெரிது. 2024ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அக்கடையில் 18,000க்கு மேற்பட்ட புதிய ஆட்டங்கள் வைக்கப்பட்டன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 என்க. இவற்றுள் நல்லது எது, அல்லது எது என்று ஒருவன் தன் வாணாளெல்லாம் செலவிட்டாலும் ஆடிப்பார்த்து அறியவல்லனோ?

எம் நண்பர் ஒருவரின் ஊர் அடி அண்ணாமலை. அருணை மலையை வலம் வருவார் நடக்கும் 14 கிலோமீட்டர்ப் பாதையிலே, பெரிய கோயிலுக்கு நேர் மறுபுறத்தே மலையின் மேற்குச் சாரலில் அவ்வூர் அமைந்துள்ளது. ஆங்கொரு பழைய சிவன் கோயிலும், மாணிக்கவாசகர்க்குத் தனியே ஒரு கோயிலும் உள. திருவெம்பாவை பாடப்பெற்ற இடம் அதுவே என்பது வழிவழி வரும் வழக்கு. கார்த்திகைத் தீபத்தன்றும் பௌர்ணமி இரவுகளிலும் இலட்சக்கணக்கானோர் அவ்வூர் வழியே நடந்து செல்கின்றனர். ஆயினும் பாதி வழி நடந்த களைப்போடு பெரிய கோபுரத்தையே நினைந்து செல்வாருட் பலர், பாதையினின்று சற்றே விலகி நிற்கும் இக்கோயிலை நோக்காமலே போய்விடுகின்றனர். "இங்கே ஒரு கோயில் இருக்கின்றது, உள்ளே வாருங்கள்" என்று உடன் நடப்பவர் ஒருவர் கூறினால், அவர்பின் நால்வர் திரும்புகின்றனர். சிற்றாட்டங்களின் நிலையும் இதுவே. கூட்டம் இல்லாமையன்று குறை. கைகாட்டுவார் இல்லாமையே குறை.

தமிழ் பயில்வார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1880ஆம் ஆண்டிலே கும்பகோணத்திற்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார் என்பார், உ. வே. சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டோ என்று வினவியிராவிடின், 1887இல் அந்நூல் அச்சேறியிருக்குமோ? அவ்வொரு கேள்வியே ஐயரைப் பழஞ்சுவடிகளின்பாற் செலுத்தியது. ஆட்டங்களைச் சிந்தாமணியோடு ஒப்பிடுகின்றார்களே என்று எம் ஆசிரியர்கள் முனிய வேண்டா. பொருள்கள் வேறு, அறிமுகம் செய்வார் இன்றி மறைந்து கிடத்தல் ஒன்றே.

ஆட்டவுலகிலும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. 'அமாங் அஸ்' என்னும் ஆட்டத்தை இன்னர்ஸ்லாத் என்னும் சிறு குழுவினர் 2018இல் வெளியிட்டனர். ஈராண்டுகள் அதனைப் பெரும்பாலோர் கண்டிலர். 2020இலே, பெருந்தொற்றால் வீட்டுள் அடைபட்டிருந்த காலத்து, தாம் ஆடுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டும் சிலர் அதனை எடுத்து ஆடினர். சில திங்களில் உலகெங்கும் அதே பேச்சு! ஆட்டம் அதுவேதான், இடையிலே வந்தது பாயிரம்.

இனி, யாம் கண்ட ஆட்டமொன்றை நன்னூற் பாயிரத்தின் துணைகொண்டு அறிமுகம் செய்வோம். ஆக்கியோன் பெயர் முதலாகப் பயன் ஈறாகச் சிறப்புப் பாயிரம் கூறவேண்டுவன எட்டென்பது யாவரும் அறிந்ததே. அவ்வெட்டையும் ஓர் ஆட்டத்தின்மேல் வைத்து நோக்கினால், ஒரு பரிந்துரையில் என்னென்ன இருத்தல் வேண்டுமென்பது தெளிவாகும்.

ஆட்டத்தின் பெயர் 'வெண்பா'. ஆம், நாம் தளை தட்டாமல் எழுதத் திணறும் அதே வெண்பா! 2023ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் வெளிவந்தது. ஆக்கியோர் கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர். அவர்தம் தலைவர் அபி என்னும் தமிழர். வெண்பா என்பது கதைத்தலைவியின் பெயர். 1988ஆம் ஆண்டில், கணவன் பாவலனோடு கனடாவிற் குடியேறி, அந்நாட்டிலே தங்குவதா தாயகம் திரும்புவதா என்று தடுமாறி நிற்கும் இளம்பெண் அவள். கவின் என்னும் மகன் பிறக்கின்றான், வளர்கின்றான். தாய் தமிழில் வினவ, மகன் ஆங்கிலத்தில் விடையிறுக்கின்றான். இதுவே நுதலிய பொருள்.

யாப்பு என்பதற்கு உரையாசிரியர் கொள்ளும் பொருள் வேறு. எனினும் ஈண்டு ஆட்டத்தின் கட்டமைப்பு என்றே கொள்ளுகின்றோம். வெண்பாவின் கையில் அவள் தாயின் சமையற் குறிப்பேடு ஒன்றுளது. பயணத்திலே கிழிந்தும் மை அழிந்தும் போன ஏடு அது. இட்டலி, புட்டு, பிரியாணி முதலியவற்றின் செய்முறையிலே இடையிடையே சொற்கள் இல்லை, படங்கள் இல்லை. விட்டுப்போன இடத்தை ஆடுவோன் தன் அறிவால் நிரப்பிச் சமைத்தல் வேண்டும். சுவடியிலே செல்லரித்த இடத்தைச் சொல்லும் பொருளும் நோக்கி நிரப்பும் பதிப்பாசிரியர் தொழிலே இது! இதனைக் கண்டவுடன் எம் குழுவினர் அடைந்த மகிழ்ச்சி, வெறும் விளையாட்டு மகிழ்ச்சியன்று.

விடுமுறை நாளொன்றில் அடி அண்ணாமலையில் நண்பர் வீட்டுத் திண்ணையிலே மடிக்கணினியை வைத்து இதனை ஆடினோம். இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி செவ்வனே செல்லும் என்பது முதற் புதிர். யாம் மூவரும் இருமுறை தோற்றோம். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த நண்பரின் பாட்டியார் எட்டிப் பார்த்து, "ஏன் தம்பி, மேல் தட்டுக் குழி கீழ்த் தட்டுக் குழியின் தலைமேலேயா உட்காரும்? மாற்றி வையப்பா" என்றார். பின்னர்க் கணினியைத் தம்பக்கம் திருப்பச் சொல்லிப் புட்டு வேகும் வரையில் எழுந்தாரில்லை. அவருடைய மகளொருவர் வெளிநாட்டில் வாழ்பவர். கவின் ஆங்கிலத்தில் விடையிறுக்கும் இடத்து, "என் பேரனும் இப்படித்தான்" என்றொரு சொல் சொல்லி, மீண்டும் உரலை எடுத்துக்கொண்டார். ஆட்டமெல்லாம் இளையோரைக் கெடுப்பன என்று கருதும் பெரியோர் இவ்வாட்டத்தையாவது ஒருமுறை காண்பாராக.

வழி என்பது இந்நூல் எதன் வழித்து என்பது. ஒருவரது வாழ்வைச் சிறு சிறு செயல்களால் ஆடுவோன் கைக்கே தந்து கதை கூறும் முறையை 2018இல் வந்த 'ஃபுளோரன்ஸ்' என்னும் ஆட்டத்திற் காணலாம்; வெண்பா அவ்வழியில் வைத்து எண்ணத்தக்கது. எல்லையாவது நூல் வழங்கும் நிலம். ஆட்டத்திற்கோ அஃது எக்கருவியில் இயங்கும் என்பதாம். இது விண்டோஸ் கணினி, ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றிற்கு வெளிவந்தது. பரிந்துரைப்பார் பலர் இவ்வெல்லையைக் கூற மறந்துவிடுவதால், கைப்பேசி ஒன்றே உடைய மாணவன் ஆசைகொண்டு ஏமாறுகின்றான்.

எட்டினுள்ளும் கேட்போர் என்பதே தலையாயது. நல்ல ஆட்டம் என்று மட்டும் சொல்லுதல் பரிந்துரையாகாது. யாருக்கு நல்லது என்று சொல்லுதல் வேண்டும். நண்பர் குழாத்தோடு கூடிச் சுட்டு வீழ்த்தி வெற்றி காண விரும்புவானுக்கு வெண்பாவைக் கொடுத்தால் கால் நாழிகையில் கொட்டாவி விடுவான். அது அவன் குற்றமன்று. கதை விரும்புவார்க்கும், தாயின் கைச்சமையலை விட்டு விடுதியில் உண்பார்க்கும் இது ஏற்றது. குறையும் கூறவேண்டும். ஒன்றரை மணி நேரத்துள் முடிந்துவிடும். கொடுத்த பணத்திற்கு இத்துணைதானோ என்று சிலர் கேட்பர். கதை சில இடங்களில் ஆண்டுகளைத் தாவி விரைகின்றது. மகனின் இளமைப் பருவத்தை இன்னும் விரித்திருக்கலாம் என்பது எம் கருத்து. புதிர்களுள் ஒன்றிரண்டு மிக எளியன. எனினும் வானொலியில் ஒலிக்கும் பாடல்கள், அவ்வக் காலத்துத் தமிழ்த் திரையிசையின் சாயலிலே புதியனவாக அமைக்கப்பெற்றவை, அக்குறைகளை மறக்கச் செய்கின்றன. 2024ஆம் ஆண்டில் இது சுயாதீன ஆட்டங்களுக்கென 1998இல் நிறுவப்பெற்ற ஐ.ஜி.எஃப். விழாவின் தலைமைப் பரிசையும், பிரித்தானிய பாஃப்டா அமைப்பின் சிறந்த முதல் ஆட்டத்திற்கான பரிசையும் பெற்றது.

பரிசு பெற்றதற்கு மேலும் பாயிரம் எதற்கு எனலாம். பரிசு பெறாத ஆயிரங்களுக்கே அது பெரிதும் வேண்டுவது. ஸ்டீம் கடையிலே, வாங்கி ஆடினோர் பதின்மராவது தம் கருத்தை எழுதினாலன்றி, ஓர் ஆட்டத்தின் பெயருக்கருகே மதிப்பீடு தோன்றுவதில்லை. பத்தே பேர்! நம் வகுப்பிலுள்ளார் தொகையினும் குறைவு. ஊதியமின்றி ஈராண்டு உழைத்தவன் ஒருவன் ஒன்பதாம் கருத்துக்கும் பத்தாம் கருத்துக்கும் இடையிலே காத்திருக்கும் நிலையை எண்ணுக. இரண்டு வரி எழுதுதற்கு நமக்கு ஆகும் செலவு யாது?

ஆனால் கூலிக்குப் பாடும் பாயிரமும் உண்டு. நிறுவனத்தாரிடம் பணம் பெற்றுக்கொண்டு தாமே விரும்பி ஆடியதுபோல் புகழ்வார் இணையத்திலே பலர். நம் நாட்டு விளம்பரத் தர அவை 2021 ஜூன் முதல், இத்தகையோர் பணம் பெற்றமையை வெளிப்படக் கூறவேண்டுமென்று விதித்துள்ளது. அக்குறிப்பு இருக்கின்றதா என நோக்குதல் நன்று. குறை ஒன்றேனும் கூறாத பரிந்துரையை யாம் ஐயுற்றே நோக்குகின்றோம். பணம் வைத்தாடும் இணையச் சூதுகளோ இவ்வகையினவே அல்ல. அவற்றைத் தடை செய்து நம் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றியுள்ளது. ஈண்டு அவற்றைப்பற்றிப் பேச்சில்லை.

நம் நாட்டு ஆட்டம் வேறொன்றும் உளது. பூனா நகரத்து நாடிங் ஹெட்ஸ் குழுவினர் 2020இல் வெளியிட்ட 'ராஜி' அது. அரக்கனால் கவரப்பட்ட தம்பியை மீட்கச் செல்லும் கழைக்கூத்துப் பெண்ணொருத்தியின் கதை. 2017இல் கிக்ஸ்டார்ட்டர் வாயிலாகப் பொதுமக்களிடம் பொருள் திரட்ட முயன்று, குறித்த தொகை கிட்டாமற் போகவும், விடாது முடித்தனர். கோட்டைகளும் சுவரோவியங்களும் நிழற்பாவைக் காட்சிகளும் கண்கொள்ளாதன. போர்ப்பகுதி ஒரே வகையாய் நீண்டு சலிப்பூட்டுகின்றது. கண்ணுக்கு விருந்து வேண்டுவார் ஆடலாம். கைத்திறப் போட்டி வேண்டுவார் விடலாம்.

பணமில்லா மாணவர்க்கும் வழியுண்டு. 2013இல் தொடங்கிய 'இட்ச்.ஐஓ' என்னும் தளத்திலே புதியோர் பலர் தம் சிற்றாட்டங்களை விலையின்றியும், விரும்பியது கொடுத்து எடுத்துக்கொள்ளுமாறும் வைத்துள்ளனர். அவற்றுட் பல கணினியில் இறக்கவேண்டாமல் இணைய உலாவியிலேயே ஆடத்தக்கன. கல்லூரிக் கணினி போதும். ஸ்டீமில் ஆண்டிற்குச் சிலமுறை 'நெக்ஸ்ட் ஃபெஸ்ட்' என்னும் விழா ஒருவாரம் நடைபெறும். வெளிவரவிருக்கும் ஆட்டங்களின் முதற்பகுதிகளை அப்போது இலவசமாக ஆடிப்பார்க்கலாம். பிடித்ததை விருப்பப் பட்டியலிற் சேர்த்து வைத்தால் அதுவே ஆக்கியோனுக்கு ஓர் ஊன்றுகோல். விலைகொடுத்து வாங்கியது பிடிக்கவில்லையாயின், 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். வெண்பாவை முழுதும் ஆடிமுடித்தும் இவ்விதிப்படி பணத்தைத் திரும்பக் கேட்க இயலும். அவ்வாறு செய்வார் எம் நண்பரின் பாட்டியார் திண்ணைப்பக்கம் வாராதிருப்பாராக.