காலா அசாரும் இரத்தப் புரதங்களும்

வாரக்கணக்கில் விட்டுவிட்டு எரிக்கும் காய்ச்சல், நாளுக்கு நாள் மெலியும் தேகம், வெளுத்த முகம், இடது விலாவின் கீழே கைக்குத் தட்டுப்படும்படி பருத்த மண்ணீரல் ஆகிய இவையே, வங்காளம், பீகார், அஸ்ஸாம் பிரதேசங்களின் ஏழைக் குடிசைகளைத் தலைமுறை தலைமுறையாகச் சூறையாடிய காலா அசார் என்னும் கருங்காய்ச்சலின் லட்சணங்கள்.

சென்னையில் கண்ட கிருமி

கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் நோயுற்ற ஒரு சிப்பாயின் மண்ணீரலில் லீஷ்மன் என்னும் மருத்துவர் கண்ட கிருமியை, சென்னையில் பணிபுரிந்த டோனோவன் என்னும் மருத்துவர், 1903-ஆம் ஆண்டில் உயிரோடிருந்த நோயாளியின் மண்ணீரலிலிருந்தே எடுத்துக் காட்டினார்; இருவர் பெயரையும் இணைத்து அதற்கு நாமகரணம் செய்தவர் ரொனால்ட் ராஸ். மணல் ஈயின் கடியால் அது மனிதனுக்குள் புகுகிறது.

பெருகும் குளோபுலின்

ஆரோக்கியமான இரத்தத்தில் ஆல்புமின் என்னும் புரதம் மிகுந்தும் குளோபுலின் என்னும் புரதம் குறைந்தும் இருக்க, இந்நோயில் அந்தக் கணக்கு தலைகீழாகி, நோயெதிர்ப்புக்கென்று உண்டாகும் குளோபுலின் அளவுமீறிப் பெருகிவிடுகிறது. கிருமியோ, தன்னை விழுங்கி அழிக்க வேண்டிய உயிரணுக்களுக்குள்ளேயே குடிபுகுந்து வாழ்வதால், வெளியே மிதக்கும் இந்தக் குளோபுலின் எதிர்ப்பொருள்கள் எவ்வளவு திரண்டும் அதனை வெல்ல இயலுவதில்லை. அவற்றுள் பெரும்பகுதி அக்கிருமியைக் குறித்து எழுந்தவையும் அல்ல. உண்ண வலுவற்றுக் கிடக்கும் சரீரம் இத்தனை புரதத்தை வீணே உண்டாக்குவதை எண்ணும்போது நெஞ்சம் இரங்குகிறது.

ஒரு துளி ஃபார்மலின்

இந்தப் பெருக்கத்தையே அடையாளமாகக் கொண்டு, 1920-களில் கல்கத்தாவில் நேப்பியர் என்னும் மருத்துவர் ஒரு பரிசோதனையை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நோயாளியின் சீரத்தில் ஒரு துளி ஃபார்மலினைச் சேர்க்க, அது 20 நிமிஷத்துக்குள் அவித்த முட்டையின் வெண்கருவைப் போல் உறைந்து வெளுக்குமாயின் காலா அசார் என்று ஊகித்தார்கள். நுண்ணோக்கியில்லாத கிராம வைத்தியசாலைக்கு அது பேருதவிதான்; ஆயினும் நோய் சில மாதங்கள் முற்றிய பின்னரே அக்குறி தோன்றும் என்பதும், குளோபுலின் மிகும் வேறு வியாதிகளிலும் அது தோன்றக்கூடும் என்பதும் அதன் குறைகள்.

மயக்கும் முடிவுகள்

அபூர்வமாகச் சிலரிடம் இந்தக் குளோபுலின் ஒரே வகையாகக் குவிந்து, எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயோ என்னும் ஐயத்தை எழுப்புகிறது. வேறு சிலரிடம் முடக்குவாதத்துக்குரிய பரிசோதனைகளும் பொய்யாக 'உண்டு' என்று காட்டுகின்றன. அம்முடிவை நம்பி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தால் கிருமிக்கே அது துணைபோகும். ஆகையால், நீடித்த காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் உள்ளவர், நோய் பரவிய பிரதேசத்தில் வசித்ததுண்டா என்பதை மருத்துவரிடம் தவறாது சொல்ல வேண்டும். சிகிச்சை பெறாவிடில் உயிரையே பறிக்கும் இந்நோய்க்கு, அன்று பிரம்மச்சாரி என்ற பெயருடைய மருத்துவர் கண்ட யூரியா ஸ்டிபமின் என்னும் மருந்து ஆயிரமாயிரம் பேரைக் காத்தது; இன்று லிப்போசோம் ஆம்போடெரிசின் என்னும் மருந்து ஒரே நாளில் செலுத்தப்படுகிறது. காய்ச்சல் முதலில் தணிகிறது, மண்ணீரல் மெல்லச் சுருங்குகிறது. புரதங்களின் கணக்கு நேர்ப்படுவதற்கு மட்டும் மேலும் சில மாதங்கள் செல்கின்றன.