இளைத்த உடம்பும் சித்திரை வெயிலும்

வணிக நண்பர்களுக்கு எடையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. போடியில் பச்சை ஏலக்காய் ஐந்து கிலோவைக் காயப்போட்டால் தேறுவது ஏறக்குறைய ஒரு கிலோதான். மீதி போனது நீர். புதுப்புளி வாங்கிக் கிட்டங்கியில் அடுக்கியவருக்கும், ஈரம் காயாத வத்தல் வாங்கியவருக்கும் இந்தக் கணக்கு அத்துபடி. ஆனால் தன் உடம்பு முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தது என்றால் மட்டும், கொழுப்பு கரைந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம்.

இப்போது கடைத்தெருவில் பலர் சோற்றை நிறுத்தியிருக்கிறார்கள். சர்க்கரைக்காகச் சிலர், தொந்திக்காகச் சிலர். அரிசி வியாபாரியே மதியம் வெள்ளரிக்காயை நறுக்கிக்கொண்டு உட்காருகிறார். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. நாளெல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு எடை குறைவது நல்லதே. அதைச் சித்திரை, வைகாசியில் தொடங்குகிறவர்கள் வியர்வையின் வரவு செலவைத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

ஒரு மூட்டையைத் தூக்க உடம்பு செலவழிக்கும் சக்தியில் கால் பங்குகூட வேலையாக மாறுவதில்லை. மற்றதெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்றுவது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் முழுவதும் உலர்ந்தால் சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். உலர்ந்தால்தான் உண்டு, சொட்டித் தரையில் விழுந்தால் பயனில்லை. மண்பானை காற்றுப்படும் இடத்தில்தானே குளிர்கிறது? ஆனி, ஆடியில் நம் கம்பம் பள்ளத்தாக்குக் காற்றில் சட்டை காய்ந்துகொண்டே இருக்கும். சித்திரையில், காற்று நுழையாத கிட்டங்கிக்குள், சட்டை பிழியும் அளவு நனைந்தும் உடம்பு ஆறாது.

பருத்த உடம்புக்கு இதில் கஷ்டம் அதிகம். சுமக்க வேண்டிய எடை கூடுதல். அதனால் உண்டாகும் சூடும் கூடுதல். எடைக்குத் தக்கபடி தோலின் பரப்பு கூடுவதில்லை. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு, போர்த்திய கம்பளி போல வேலை செய்கிறது. ஆகவே நிதானமாக, மாதக்கணக்கில் எடை குறைத்தவர் வெயிலை முன்னைவிட நன்றாகவே தாங்குவார். மாடிப்படி ஏறினால் முன்போல் வியர்க்கவில்லை என்று அவரே சொல்லுவார்.

அவசரப்பட்டவர் கதை வேறு. சோற்றை நிறுத்தினால், ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து முதலில் செலவாகிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் நீர் சேர்ந்திருப்பதால், அந்த நீரும் போய்விடும். முதல் வாரத்து இரண்டு கிலோவில் பெரும்பகுதி இதுதான். அத்தோடு, மாவுச்சத்து குறைந்தால் ரத்தத்தில் இன்சுலின் குறையும். இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியேற்றும். இன்னொன்றை நாம் கவனிப்பதில்லை. நமக்கு உப்பு வருவதே சோற்றோடுதான். சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் எல்லாம் சோற்றைத் தொட்டு வருகிறவை. சோறு போனால் அவையும் போகின்றன. இந்த நிலையில் வெயிலில் இறங்கினால் வியர்வை வழியாகவும் உப்பு போகிறது. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, கெண்டைக்கால் இழுக்கிறது. உணவுக் கட்டுப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். குறைந்தது நீரும் உப்பும்தான்.

மிகவும் பட்டினி கிடந்தால் உடம்பு அடுப்பையே தணித்துவிடும். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 1944, 1945இல் 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, 24 வாரம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார். அவர்கள் எடை கால்பங்கு குறைந்தது. சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தி சுமார் நாற்பது சதவீதம் இறங்கியது. கோடைக்காலத்திலேயே குளிர்கிறது என்றார்கள். பட்டினியால் வியர்வை குறைவதை ஆரோக்கியம் என்று யாரும் எண்ண வேண்டாம். அவர்களுக்கு வேலை செய்யும் தெம்பும் போயிருந்தது.

நம் பக்கத்தில் இது வெறும் எடைக்குறைப்பு விஷயமல்ல. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டது முதல் விரதம் இருப்பவர்கள் நம் கடைகளிலேயே வேலை பார்க்கிறார்கள். ஒருவேளைச் சாப்பாட்டோடு லாரியில் சரக்கு இறக்கிவிட்டு, சாயங்காலம் தீச்சட்டி எடுக்கப் போகிறார்கள். விரதத்தை விடச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்த நாட்களில் மதியச் சரக்கைக் காலை ஒன்பது மணிக்குள் இறக்க ஏற்பாடு செய்வது முதலாளி கையில் இருக்கிறது. திருவிழாவில் நாம் பந்தல் போட்டு ஊற்றும் உப்புப் போட்ட நீர்மோரும், வெல்லமும் சுக்கும் சேர்ந்த பானகமும் விரதக்காரருக்கு ஏற்ற சரக்கு. அதே சொம்பு கிட்டங்கியிலும் இருக்கட்டும். வேறொன்றும் இல்லையென்றால், ஒரு லிட்டர் குடிநீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. சர்க்கரை நோயாளிக்கு உப்பு மோர் போதும். ரத்த அழுத்தம், இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தாமாக உப்பைக் கூட்டாமல் டாக்டரைக் கேட்க வேண்டும். எடை குறைக்க வாரம் ஒருமுறை போடும் ஊசிகள் 2025இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்துவிட்டன. அதைப் போடுகிறவர்களுக்குப் பசியோடு தண்ணீர் நினைப்பும் குறையலாம். வாந்தி, பேதி வந்தால் நீர் வற்றிவிடும்.

வெயிலில் வியர்க்கவும் உடம்பு பழக வேண்டும். தினமும் சிறிது நேரம் சூட்டில் வேலை செய்தால், ஒன்றிரண்டு வாரத்தில் வியர்வை சீக்கிரம் தொடங்கும், நிறைய வரும், அதில் உப்பு குறைவாக இருக்கும். ஏசி அறையில் இருப்பவர் சோற்றையும் நிறுத்தி, அதே வாரத்தில் வெயிலில் நடக்கவும் தொடங்கினால் உடம்பு எதற்கென்று பழகும்? முதலில் ஒன்று, பிறகு மற்றது.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உழைப்பாளிக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே ஆபத்து வரலாம். லோடுமேன் பேச்சுக் குழறினாலோ, நாள் கிழமை தெரியாமல் பேசினாலோ, உடனே நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, மின்விசிறியைத் திருப்பிவிட்டு, 108க்குச் சொல்லிவிடுங்கள். நினைவு தெளியும் வரை வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.