பரிணாமக் கொள்கையும் அதற்கு எழுந்த மறுப்புகளும்

உயிரியல் வகுப்பில் பரிணாமத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் என்றேனும் ஒரு நாள் எதிர்கொள்ள நேரும் வினா ஒன்று உண்டு. “ஐயா, இது வெறும் கொள்கைதானே? உயிர்களை யாரோ ஒருவர் திட்டமிட்டு ஆக்கினார் என்றும் கொள்ளலாம் அல்லவா?” என்று மாணவன் கேட்பான். இவ்வினாவைச் சினந்து அடக்குவதும் தகாது. மழுப்பி விடுவதும் தகாது. அமெரிக்க நாட்டில் இதே வினா நீதிமன்றம் வரை சென்று, ஆறு வார காலம் விசாரிக்கப்பட்டது. அவ்வழக்கின் வரலாற்றை அறிவது விடை கூறுவதற்குப் பெரிதும் துணை செய்யும்.

கொள்கை என்பதன் பொருள்

அன்றாடப் பேச்சில் ‘தியரி’ என்றால் நிரூபிக்கப்படாத ஊகம் என்று பொருள் கொள்கிறோம். விஞ்ஞானத்தில் அச்சொல்லின் பொருள் வேறு. தனித்தனியே அறியப்பட்ட பல உண்மைகளை ஒன்றுசேர்த்து விளக்குவதும், சோதித்துப் பார்க்கத்தக்க முடிவுகளை முன்கூட்டியே உணர்த்துவதுமே அங்கே கொள்கை எனப்படும். பொருள்கள் அணுக்களால் ஆனவை என்பதும் கொள்கையே. தொற்று நோய்களுக்கு நுண்ணுயிர்கள் காரணம் என்பதும் கொள்கையே. 1858இல் டார்வினும் வாலஸும் வெளியிட்ட இயற்கைத் தேர்வு என்னும் கருத்து, இன்று மரபியலோடு இணைந்து அத்தகைய உறுதியை அடைந்துள்ளது.

அக்கருத்து எளிமையானது. ஓரினத்து உயிர்கள் யாவும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவற்றின் வேறுபாடுகளுள் சில சந்ததிக்கும் செல்கின்றன. சூழ்நிலைக்கு ஏற்ற வேறுபாட்டையுடையவை மிகுதியாகப் பிழைத்து, மிகுதியாகச் சந்ததியைப் பெருக்குகின்றன. எனவே தலைமுறைதோறும் இனத்தின் தன்மை சிறிது சிறிதாக மாறி வருகின்றது.

மறுப்பின் வரலாறு

உயிர்கள் இன்றுள்ள வடிவிலேயே தனித்தனியே படைக்கப்பட்டன என்பது சிருஷ்டிவாதம். 1925இல் அமெரிக்காவின் டென்னசி மாகாணம், மனிதன் கீழ்நிலை விலங்குகளிலிருந்து தோன்றினான் என்று அரசுப் பள்ளிகளில் கற்பிப்பதைத் தடை செய்தது. ஸ்கோப்ஸ் என்னும் ஆசிரியர் அச்சட்டத்தை மீறியதற்காக 100 டாலர் அபராதம் விதிக்கப்பெற்றார். பின்னர் அத்தீர்ப்பு ஒரு நடைமுறைக் குறையால் தள்ளப்பட்டதாயினும், சட்டம் 1967 வரை நீடித்தது. 1968இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இத்தகைய தடைகள் செல்லாவெனத் தீர்த்தது. பரிணாமத்தைக் கற்பித்தால் சிருஷ்டிவாதத்தையும் உடன் கற்பிக்க வேண்டுமென்ற லூயிசியானா மாகாணச் சட்டத்தையும் 1987இல் அது நீக்கியது. அரசு எந்தச் சமயத்தையும் நிலைநாட்டலாகாது என்னும் அரசியலமைப்பு விதியே இத்தீர்ப்புகளுக்கு அடிப்படை.

இதன் பின்னரே ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்னும் வாதம் பரவலாயிற்று. இது கடவுளின் பெயரைக் கூறுவதில்லை. உயிரின் சில உறுப்புகள் மிகச் சிக்கலானவை. ஆதலின் அறிவுள்ள ஒருவர் அவற்றை வடிவமைத்திருக்க வேண்டும் என்பதே இதன் சாரம். கடிகாரத்தைக் கண்டவர் கடிகாரம் செய்தவனை ஊகிப்பது போல என்று 1802இல் பேலி என்னும் பாதிரியார் கூறிய வாதத்தின் புது வடிவமே இது எனலாம்.

டோவர் வழக்கு

பென்சில்வேனியாவைச் சேர்ந்த டோவர் என்னும் ஊரின் பள்ளிக் குழு 2004இல் ஒரு தீர்மானம் செய்தது. டார்வின் கொள்கை உண்மை அன்று, அதில் இடைவெளிகள் உள, வேறு விளக்கம் வேண்டுவோர் நூலகத்திலுள்ள ஒரு நூலைப் பார்க்கலாம் என்னும் பொருள்பட ஓர் அறிக்கையை ஒன்பதாம் வகுப்பு மாணவருக்குப் படித்துக் காட்ட வேண்டுமெனப் பணித்தது. உயிரியல் ஆசிரியர்கள் அதனைப் படிக்க மறுத்தனர். நிருவாகிகளே வந்து படித்தனர். பெற்றோர் 11 பேர் வழக்குத் தொடுத்தனர்.

வடிவமைப்பு வாதத்தின் சார்பில் மைக்கேல் பீஹி என்னும் உயிர்வேதியியல் பேராசிரியர் சான்று கூறினார். எலிப்பொறியில் ஒரு பாகத்தை நீக்கினாலும் அது பயன்படாது. அதுபோன்றே பாக்டீரியாவின் கசையிழை என்னும் நீந்தும் உறுப்பும் படிப்படியாகத் தோன்றியிருக்க முடியாது என்பது அவர் வாதம். இதற்குக் கென்னத் மில்லர் என்னும் உயிரியலாளர் விடையளித்தார். கசையிழையின் புரதங்களுள் ஒரு தொகுதியை ஒத்த அமைப்பொன்று, நோய் விளைக்கும் சில பாக்டீரியாக்களில் நச்சைச் செலுத்தும் ஊசியாகப் பணி செய்கின்றது. ஆகவே சில பாகங்களே உள்ள அமைப்பும் வேறொரு பணிக்குப் பயன்படும். ஒரு பணிக்கு அமைந்த உறுப்பு பின்னர் மற்றொரு பணிக்கு மாறுவது பரிணாமத்தில் இயல்பு. இரத்தம் உறைதலையும் அவ்வாறே கூறினர். ஆனால் மனிதரில் காணும் உறைகாரணிகளுள் ஒன்று திமிங்கிலங்களில் இல்லை. ஆயினும் அவற்றின் இரத்தம் உறைகின்றது.

நூலகத்தில் வைத்த நூலின் பழைய கையெழுத்துப் படிகளும் நீதிமன்றத்தில் ஒப்பிடப்பட்டன. 1987ஆம் ஆண்டுத் தீர்ப்பிற்கு முன் ‘சிருஷ்டி’ என்றிருந்த இடங்களில், பின்னர் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்று மாற்றப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பை வழங்கினார். வடிவமைப்பு வாதம் விஞ்ஞானம் அன்று எனவும், அதன் வேர் சமயக் கருத்திலேயே உள்ளது எனவும் அவர் முடிவு செய்தார்.

ஒன்றை இங்கு மறத்தலாகாது. பள்ளியில் எதைக் கற்பிக்கலாம் என்பதையே நீதிமன்றம் தீர்க்கும். இயற்கையின் உண்மையைத் தீர்ப்பவை சான்றுகளே.

முன்னறிவிப்பும் சான்றும்

சிறு மாற்றங்கள் நிகழ்வதை மறுப்பாளரும் ஒப்புவர். ஒருவகை விலங்கு மற்றொருவகையாக மாறியதற்குச் சான்று எங்கே என்பர். நீண்ட காலம் அவர்கள் எடுத்துக்காட்டியது திமிங்கிலத்தை. நிலத்தில் வாழ்ந்த பாலூட்டி கடலுக்குச் சென்றதாயின் இடைப்பட்ட வடிவங்கள் கிடைக்க வேண்டுமன்றோ?

அவை கிடைத்துள்ளன, அவற்றுட் பல நமது துணைக்கண்டத்திலேயே கிடைத்தவை. திமிங்கிலம் குளம்புள்ள விலங்குகளுக்கும், குறிப்பாக நீர்யானைக்கும், நெருங்கிய உறவு என்று 1990ஆம் ஆண்டுகளில் டி.என்.ஏ. ஆராய்ச்சி காட்டிற்று. அங்ஙனமாயின் கால்களையுடைய பண்டைத் திமிங்கிலத்தின் கணுக்கால் எலும்பு, ஆடுமாடுகளின் எலும்பை ஒத்து இருபுறமும் கப்பி போன்ற வளைவுடன் இருக்க வேண்டும். பாகிஸ்தானில் கண்டெடுத்த எலும்புகள் 2001இல் வெளியிடப்பட்டபோது அவை அவ்வாறே இருந்தன. ஜம்முப் பகுதியில் காலாகோட் அருகே இந்தியப் புவியியலாளர் ரங்காராவ் திரட்டிய பாறைகளிலிருந்து, இந்தோஹியஸ் என்னும் சிறு குளம்பு விலங்கின் எலும்புகள் கிடைத்தன. சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அதன் காதெலும்பு, திமிங்கிலத்திற்கே உரியதென எண்ணப்பட்ட தடித்த சுவரைக் கொண்டிருந்தது. இது 2007இல் வெளியாயிற்று.

மனிதனைப் பற்றியும் இத்தகைய சான்றுண்டு. சிம்பன்ஸிக்குக் குரோமோசோம்கள் 48, மனிதனுக்கு 46. இரண்டும் ஒரே மூதாதையின் வழிவந்தவையாயின், மனிதனில் இரண்டு குரோமோசோம்கள் ஒன்றாய் இணைந்திருக்க வேண்டும். மனிதனின் இரண்டாம் குரோமோசோமின் நடுவில், பொதுவாக நுனிகளில் மட்டுமே காணும் டி.என்.ஏ. அமைப்பு இருப்பது அவ்விணைப்பின் தழும்பாக விளங்குகின்றது. இதனால் மனிதன் இன்றுள்ள குரங்கிலிருந்து பிறந்தான் என்பது பொருளன்று. இருவரும் ஒரு மூதாதையின் வெவ்வேறு கிளைகள் என்பதே பொருள்.

வயலில் காணும் பரிணாமம்

களப்பணியாளருக்கு இது ஏட்டளவான செய்தி அன்று. பூச்சியை எதிர்க்கும் நச்சுப் புரதத்தைத் தானே உண்டாக்கும் பி.டி. பருத்தி 2002இல் நம் நாட்டில் அனுமதிக்கப்பட்டது. அந்நச்சைத் தாங்கும் மரபணுவையுடைய இளஞ்சிவப்புக் காய்ப்புழுக்கள் முதலில் மிக அரியனவாகவே இருந்தன. மற்றவை மடிய, அவை பெருகின. குஜராத்தில் அவை எதிர்ப்பாற்றல் பெற்ற செய்தி 2010இல் அறிவிக்கப்பட்டது. இரு நச்சுப் புரதங்களைக் கொண்ட பருத்தி 2006இல் வந்தது. 2015ஆம் ஆண்டையொட்டி அதனையும் இப்புழுக்கள் தாங்கத் தொடங்கின.

வயலோரத்தில் பி.டி. அல்லாத பருத்தியை ஐந்து வரிசையேனும் நடுமாறு உழவரை வேண்டியதன் காரணமும் இதுவே. அங்கு வளரும், எதிர்ப்பாற்றல் இல்லாத அந்துப்பூச்சிகள் எதிர்ப்பாற்றல் உடையவற்றோடு இணைந்தால், பெரும்பாலும் நச்சுக்கு மடியும் குஞ்சுகளே பிறக்கும். இவ்வரிசைகளை வீண் என்று கருதி உழவர் பலர் விட்டுவிட்டனர். இயற்கைத் தேர்வை விளங்கிக்கொள்ளாமையின் விலையை அவர்கள் விளைச்சலில் செலுத்த நேர்ந்தது. மருந்துக்கு அடங்காத காசநோய்க் கிருமி தோன்றுவதும் இம்முறையிலேயே.

ஆசிரியர் கடமை

2023இல் தேசியப் பாடநூல் குழுவின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து, பாடச்சுமையைக் குறைக்கும் பொருட்டு எனக் கூறிப் பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. விஞ்ஞானிகளும் ஆசிரியர்களுமாக 1800க்கும் மேற்பட்டோர் அதனை மீண்டும் சேர்க்க வேண்டுமென முறையிட்டனர். பத்தாம் வகுப்புக்குப் பின் உயிரியலைப் பாடமாகக் கொள்ளாத மாணவனுக்கு இதனை அறிய வேறு வாய்ப்பு அரிது. ஆதலின் ஆசிரியர் பொறுப்பு மிகுகின்றது.

மாணவனின் இறைநம்பிக்கையைப் புண்படுத்துவது இப்பாடத்தின் நோக்கமன்று. டோவரில் பரிணாமத்திற்காகச் சான்று கூறிய மில்லர் கத்தோலிக்க சமயப் பற்றுடையவர். இறைவன் உண்டா என்பது ஆய்வுக்கூடத்தில் அளக்கத்தக்க வினா அன்று. ஆனால், “உனது விளக்கம் தவறாயின் அதை எச்சான்று காட்டும்?” என்று கேட்க விஞ்ஞானத்திற்கு உரிமை உண்டு. பரிணாமக் கொள்கை அவ்வினாவிற்கு விடை தருகின்றது. பாலூட்டிகளே தோன்றாத தொல்காலப் பாறையில் ஒரு முயலின் எலும்பு கிடைத்தால் அது ஆட்டங்காணும். வடிவமைப்பு வாதமோ எதனையும் வடிவமைப்பாளரின் விருப்பம் எனக் கூறக்கூடுமாதலின், அதனைத் தவறெனக் காட்டவல்ல சான்றே இல்லை. இவ்வேறுபாட்டை மாணவன் உணர்ந்துவிட்டால் அவன் கேட்ட வினாவுக்கு விடை கிடைத்ததாகும்.